வாசலில் நின்றுபோன வைத்தியம்

(கிளை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், தோட்டக் கிராணியாரும் கிளைச் செயற்குழு உறுப்பினருமான அன்பர் ஒருவர் ஆற்றிய உரை)

   

கொள்ளை நோய்க் காலத்தில் தோட்டத்து வைத்திய வசதி எப்படி இருந்தது, இனி எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றி நான் பேச வேண்டுமென்று செயலாளர் அவர்கள் பணித்துவிட்டார்கள். நான் டாக்டர் அல்லன். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்து, பிறகு தட்டுத் தடுமாறி மேலே படித்து, செக்ரோல் எழுதிப் பிழைப்பவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் கணக்குப் புத்தகம். ஆகவே ஒரு கணக்குப் புத்தகத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நம் தோட்டத்தில் பழைய ஆஸ்பத்திரிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. உங்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் அதை ஆஸ்பத்திரி என்பீர்கள். இளைஞர்கள் உரக் கொட்டகை என்பார்கள். இரண்டும் உண்மையே. சில ஆண்டுகளுக்கு முன் உர மூட்டைகளை அடுக்க இடம் போதாமல், அங்கிருந்த பழைய மர அலமாரியை அப்புறப்படுத்தும்படி என்னிடம் சொன்னார்கள். அதன் அடித்தட்டில் கறையான் தின்றது போக மீதியாய் ஒரு நோயாளிப் பதிவேடு கிடந்தது. 1957ஆம் ஆண்டினுடையது.

1957 என்றால் நமக்கெல்லாம் ஆகஸ்டு 31 தான் நினைவுக்கு வரும். ஆனால் அதே ஆண்டு மே மாதம் இன்னொன்றும் இந்த நாட்டுக்குள் வந்தது. சீனத்தில் கிளம்பி, ஹாங்காங் வழியாக, சிங்கப்பூரையும் மலாயாவையும் பிடித்த சளிக்காய்ச்சல். உலகம் அதற்கு ஆசியக் காய்ச்சல் என்று பெயர் வைத்தது. அந்தப் பதிவேட்டில் மே மாதப் பக்கங்களைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் ஒரே சொல்: காய்ச்சல், காய்ச்சல், காய்ச்சல். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே லயத்தின் எண். முதல் நாள் உடற்சூடு. மூன்றாம் நாள் உடற்சூடு. சில பெயர்களுக்கு எதிரே "வீட்டில் பார்த்தது" என்று எழுதியிருந்தது. அதாவது, நோயாளி வரமுடியாத நிலையில் டிரெஸர் லயத்துக்கே நடந்து போயிருக்கிறார்.

நான் அந்தப் பதிவேட்டை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். கம்பெனிச் சொத்தைத் திருடியதாக யாரேனும் புகார் செய்வதானால் செய்துகொள்ளட்டும்.

தோழர்களே! அடிப்படைச் சுகாதாரச் சேவை என்று பெரிய பேராகச் சொல்லுகிறார்கள். 1978ஆம் ஆண்டு அல்மா-அத்தா என்ற நகரத்தில் உலக நாடுகளெல்லாம் கூடி, அதுதான் எல்லா வைத்தியத்துக்கும் அஸ்திவாரம் என்று பிரகடனம் செய்தன. நமக்குப் புரியும்படி சொன்னால், அது அந்த டிரெஸர்தான். நம் பெயர் தெரிந்தவர். நம் வீட்டில் எத்தனை பிள்ளைகள், யாருக்கு இளைப்பு, யாருக்கு இனிப்பு நீர் என்று தெரிந்தவர். நாம் நடந்துபோகும் தூரத்தில் இருந்தவர். பெரிய ஆஸ்பத்திரி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அதன் வாசல் வரைக்கும் நம்மைச் சரியான நேரத்தில் அனுப்பி வைக்கிற ஆள் இல்லாவிட்டால், அது நமக்கு இருந்தும் இல்லாததே.

இந்த ஏற்பாடு தோட்டங்களுக்குக் கருணையினால் வந்ததன்று. 1901ஆம் ஆண்டு கிள்ளானுக்கு வைத்திய அதிகாரியாக வந்த மால்கம் வாட்சன் என்ற வெள்ளைக்காரர், சதுப்பு நிலத்து நீரை வடித்துவிட்டால் மலேரியா அடங்கும் என்று கிள்ளானிலும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் செய்து காட்டினார். பிறகு அதே வேலையைத் தோட்டங்களிலும் செய்தார். கால்வாய் வெட்டுவதற்குத் துரைமார்கள் பணம் கொடுத்தது ஏன்? கப்பலில் வந்து இறங்கிய ஆட்கள் மரம் வெட்டுவதற்கு முன்பே செத்துப் போனார்கள். ஆள் செத்தால் நட்டம். சட்டமும் வந்தது, தோட்ட முதலாளி தன் தொழிலாளருக்கு ஆஸ்பத்திரியும் மருந்தும் கொடுத்தாக வேண்டும் என்றது. ஆனாலும் 1918ஆம் ஆண்டு இன்புளுயென்சா வந்தபோது, இந்த நாட்டுத் தோட்டங்களில் நம்மவர்கள் கூட்டங் கூட்டமாக மாண்டார்கள். என் பாட்டனாரின் தகப்பனார் ஒரே வாரத்தில் இரண்டு தம்பிகளைப் புதைத்துவிட்டு மூன்றாம் நாள் பெரட்டுக்கு நின்றாராம். எங்கள் குடும்பத்தில் இன்றும் சொல்வார்கள்.

பழைய டிரெஸரைப் புகழ்ந்து பேசும்போது, பின்வரிசையிலே பெரியவர் ஒருவர் சிரிக்கிறார். ஏன் சிரிக்கிறார் என்று எனக்குத் தெரியும். தலைவலிக்கும் அதே சிவப்புத் தண்ணீர், வயிற்று வலிக்கும் அதே சிவப்புத் தண்ணீர்! உண்மைதான். அது மட்டுமல்ல. டிரெஸர் கம்பெனியின் ஆள். உடம்பு முடியவில்லை என்று போனவனை, "ஒன்றுமில்லை, போய் மரத்தை வெட்டு" என்று விரட்டியவர்களும் உண்டு. நோய்ச் சீட்டு அவர் கையில். அவர் சம்பளம் துரை கையில். இதை நான் மறைக்கவில்லை. இந்தக் குறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் அரசாங்கம் கிராமப்புறச் சுகாதாரத் திட்டத்தைக் கொண்டு வந்தது. மிகவும் நல்ல திட்டம். 50,000 மக்களுக்கு ஒரு பெரிய சுகாதார நிலையம், அதன் கீழே நான்கு துணை நிலையங்கள், அவற்றின் கீழே 2,000 பேருக்கு ஒன்றாக மருத்துவச்சி தங்கியிருந்து பணிபுரியும் கிளினிக்குகள். பிறகு 1970களில் அதை இரண்டு அடுக்காக மாற்றினார்கள். மருத்துவச்சி கிளினிக் கிளினிக் டேசா ஆயிற்று. இந்த நாட்டில் பிரசவத்தில் தாய் சாவதும் குழந்தை சாவதும் குறைந்ததற்கு இந்தச் சின்னச் சின்னக் கிளினிக்குகள் பெரிய காரணம். உலகமே இதை எடுத்துக்காட்டாகச் சொல்லுகிறது.

ஆனால் தோட்டம்? தோட்டம் தனியார் நிலம். தொழிலாளியின் வைத்தியம் முதலாளியின் பொறுப்பு என்று அரசாங்கம் சொல்லிற்று. கம்பத்துக்குப் போன மருத்துவச்சி தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டார். முதலாளியோ, தோட்டங்கள் துண்டாடப்பட்டு, கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, ஆள் குறையக் குறைய, ஆஸ்பத்திரியை மூடினார். பட்டணத்துக் கிளினிக் ஒன்றோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். நம் தோட்டத்தின் கடைசி டிரெஸர் 1990களின் இறுதியில் ஓய்வு பெற்றார். நான் அப்போது சிறுவன். அவருக்குப் பதில் ஆள் வரவில்லை. யாரும் கேட்கவுமில்லை. சம்பளத்துக்குப் போராடினோம், வீட்டுக்குப் போராடினோம். மருந்துப் பெட்டியைப் பூட்டிக்கொண்டு போனதை நாம் வேடிக்கை பார்த்தோம். இது நம் சங்கத்தின் குறையும்தான்.

இனி 2020க்கு வருகிறேன்.

மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. குடும்பத் தலைவர் ஒருவர் மட்டுமே கடைக்குப் போகலாம், 10 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்றெல்லாம் விதிகள் வந்தன. சாலையில் போலீஸ் தடுப்பு. நம் தோட்டத்திலிருந்து அரசாங்கச் சுகாதாரக் கிளினிக் 22 கிலோமீட்டர். பஸ் நின்றுவிட்டது. டாக்ஸிக்காரர் வர மறுத்துவிட்டார்.

ஐந்தாம் லயத்துப் பாட்டியை உங்கள் எல்லாருக்கும் தெரியும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மரம் வெட்டியவர். அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். "சொல்லு தம்பி, நாலு பேர் தெரிஞ்சிக்கட்டும்" என்றார். அவருக்கு இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் உண்டு. மாதந்தோறும் கிளினிக்குக்குப் போய் மாத்திரை வாங்கி வருவார். ஆணை வந்ததும், கிளினிக்கை மூடிவிட்டார்கள் என்று லயத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். 10 கிலோமீட்டருக்கு அப்பால் போனால் போலீஸ் பிடித்துக்கொள்ளும், அபராதம் ஆயிரம் வெள்ளி என்றும் சொல்லியிருக்கிறார்கள். பாட்டி என்ன செய்தார்? இருந்த மாத்திரையைப் பாதியாக உடைத்தார். பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள் சாப்பிட்டார். பிறகு அதுவும் தீர்ந்தது.

அந்த வேளையில் காலில் ஒரு சிறு காயம். காட்டுக்குப் போய்ப் பழகிய கால். முள் தைத்ததும் தெரியவில்லை, கல் கிழித்ததும் தெரியவில்லை. இனிப்பு நீர் முற்றினால் காலில் உணர்ச்சி மரத்துப் போகும் என்பதை நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். பழைய டிரெஸர் இருந்தால் முதல் வாரத்திலேயே கட்டுப் போட்டிருப்பார், திட்டியும் இருப்பார். மே மாதம் ஆம்புலன்ஸில் கொண்டு போனார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

தோழர்களே, பாட்டிக்கு ஒரு நாளும் கோவிட் வரவில்லை. பரிசோதனையில் கிருமி இல்லை என்றுதான் வந்தது. ஆனாலும் அந்தக் கொள்ளை நோய்தான் அவர் காலை வாங்கிற்று. தினசரி எண்ணிக்கையை டெலிவிஷனில் சொன்னார்களே, அந்த எண்ணிக்கை எதிலும் பாட்டியின் கால் சேரவில்லை.

இதில் என் பங்கும் இருக்கிறது. வைத்தியத்துக்காகப் போகிறவர்களுக்கு 10 கிலோமீட்டர் தடையில்லை என்று அந்த ஆணையிலேயே இடமிருந்தது. மலாயில் எழுதியிருந்ததை நான் ஆபீசில் உட்கார்ந்து படித்தவன். பால் லாரிக்கும் உர லாரிக்கும் போலீசுக்குக் காட்ட வேண்டிய கடிதங்களை நாள்தோறும் அடித்து முத்திரை போட்டுக் கொடுத்தவனும் நானே. மாத்திரை வாங்கப் போகிற பாட்டிக்கு ஒரு கடிதம் அடிக்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கிராணி என்றால் கேட்டதற்குப் பதில் சொல்பவன் என்றே நான் பழகியிருந்தேன்.

அதன் பிறகுதான் நாங்கள் விழித்துக்கொண்டோம். கிளைச் செயற்குழுத் தோழர்கள் இருவரும் நானும் சேர்ந்து வீடு வீடாகப் போனோம். ஒரு சாதாரண பள்ளி நோட்டு. அதில் பெயர், அடையாள அட்டை எண், என்ன நோய், என்ன மருந்து, அடுத்த தவணை எந்தத் தேதி. 31 பேர் சேர்ந்தார்கள். நான் திகைத்துப் போனேன். 2019ஆம் ஆண்டு அரசாங்கம் எடுத்த சுகாதார ஆய்வின்படி, இந்த நாட்டில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இனிப்பு நீர். இந்தியர்களிடையே அது எல்லாரையும்விட அதிகம். அதைப் பத்திரிகையில் படித்திருக்கிறேன். ஆனால் நான் தினமும் பெயர் வாசிக்கிற மனிதர்களே அந்தக் கணக்கு என்று அன்றுதான் உறைத்தது.

கிளினிக்குக்குத் தொலைபேசியில் பேசினோம். இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். அரசாங்கக் கிளினிக்குகள் அப்போது மூடிக் கிடக்கவில்லை. அவர்கள் தங்கள் வேலைமுறையையே மாற்றிக்கொண்டிருந்தார்கள். காய்ச்சல்காரர்களை உள்ளே விடாமல் வெளியே கூடாரம் போட்டுப் பார்த்தார்கள். மற்றவர்களுக்கு மணிக் கணக்கு வைத்துத் தவணை கொடுத்தார்கள். மருந்தைக் காரில் உட்கார்ந்தபடியே வாங்கிக்கொள்ளவும், தபாலில் பெற்றுக்கொள்ளவும் ஏற்பாடு இருந்தது. மறுபடி வாங்கும் மருந்துக்கு நோயாளி நேரில் வர வேண்டியதில்லை. அவருடைய சீட்டைக் கொண்டுபோய் வேறொருவர் வாங்கலாம். இவ்வளவும் இருந்தது! தாதியர் இரவு பகலாக உழைத்தார்கள். ஆனால் இந்தச் செய்தி 22 கிலோமீட்டரைத் தாண்டி நம் லயத்துக்கு வரவில்லை. இடையில் ஆள் இல்லை. தபாலில் அனுப்பலாம் என்றால் லயத்துக்குத் தனி விலாசம் கிடையாது. தோட்டத்தின் கடிதமெல்லாம் ஆபீசுக்குத்தான் வரும்.

ஆகவே ஆபீஸ் விலாசத்தையே கொடுத்தோம். தபாலுக்குக் காத்திருக்க முடியாதவர்களுக்கு, செயற்குழுத் தோழர் தன் மோட்டார் சைக்கிளில் வாரம் ஒருமுறை சீட்டுகளைக் கட்டி எடுத்துப் போனார். சட்டைப் பையில் என் கடிதம். தடுப்பில் நின்ற போலீஸ்காரர் மூன்றாவது வாரத்திலிருந்து கடிதத்தைக் கேட்கவேயில்லை; "ஊபாட்?" என்று கேட்டுவிட்டுக் கை காட்டி அனுப்பிவிடுவாராம். பெட்ரோல் செலவைக் கிளைப் பணத்திலிருந்து கொடுத்தோம். தணிக்கையாளர் அதற்கு ரசீது கேட்டார். இருக்கிறது ஐயா, எல்லாம் இருக்கிறது.

2021இல் நிலைமை வேறு. முதல் ஆண்டு நோயைப் பற்றிக் கேள்விப்பட்டோம்; இரண்டாம் ஆண்டு அது நம் வீட்டுக்கே வந்தது. கிருமி கண்டவர்களையெல்லாம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இடமில்லாமல், லேசாக உள்ளவர்கள் வீட்டிலேயே தனித்திருக்கலாம் என்று அந்த ஆண்டின் தொடக்கத்தில் முறையை மாற்றினார்கள். அவர்களைக் கவனிக்கக் கோவிட் மதிப்பீட்டு மையங்கள் ஏற்பட்டன. நோயை ஐந்து வகுப்பாகப் பிரித்தார்கள்: ஒன்று, அறிகுறியே இல்லாதவர், இரண்டு, லேசான அறிகுறி, மூன்று, நுரையீரலில் பிடித்தது, நான்கு, பிராணவாயு தேவைப்படுவது, ஐந்து, இயந்திர சுவாசம். ஆகஸ்டு 26ஆம் தேதி ஒரே நாளில் 24,599 பேருக்குக் கண்டது. அதுதான் அந்த ஆண்டின் உச்சம். கிள்ளான் பள்ளத்தாக்கு ஆஸ்பத்திரிகளில் கட்டிலில்லாமல் நாற்காலியில் உட்கார வைத்துப் பிராணவாயு கொடுத்த படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

வீட்டிலேயே இரு என்று சொல்வது எளிது. லயத்து வீட்டில் எந்த அறையில் தனித்திருப்பது? மூன்று தலைமுறை ஒரு கூரையின் கீழ். வெளிநாட்டுத் தோழர்களின் கொங்சியில் ஒரே அறையில் அடுக்குக் கட்டில். 446ஆம் எண் சட்டம் குடியிருப்பைப் பற்றியும் தலைக்கு எவ்வளவு இடம் என்பதைப் பற்றியும் சொல்லத்தான் செய்கிறது. 2019இல் அதைத் திருத்திக் கடுமையாக்கி, 2020இல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். சட்டம் வந்த வேகத்தில் கட்டில் நகரவில்லை.

இந்த நோயில் ஒரு சூது உண்டு. உடம்பில் பிராணவாயு குறைந்துகொண்டே போகும். ஆளுக்கு மூச்சு முட்டுவது தெரியாது. பேசிக்கொண்டே இருப்பான், மறுநாள் விழுந்துவிடுவான். விரலில் மாட்டும் சிறு கருவி ஒன்று அதைக் காட்டிவிடும். 95க்குக் கீழே இறங்கினால் காத்திருக்கக் கூடாது. அந்தக் கருவிகள் இரண்டைக் கிளைப் பணத்தில் வாங்கினோம். காலையில் பெரட்டு முடிந்ததும் ஒரு தோழியர் முகக்கவசம் அணிந்து, வாசலில் நின்றபடியே ஒவ்வொரு வீட்டாரிடமும் அதைக் கொடுத்து, எண்ணை நோட்டில் குறித்துக்கொள்வார். 1957ஆம் ஆண்டுப் பதிவேட்டில் முதல் நாள் சூடு, மூன்றாம் நாள் சூடு என்று இருந்தது அல்லவா? ஏறக்குறைய அதே பத்திகளைத்தான் நாங்கள் போட்டுக்கொண்டோம். மூன்றாம் லயத்து அண்ணன் ஒருவர், "எனக்கொண்ணுமில்ல, சும்மா இருமல்தான்" என்று சிரித்துக்கொண்டே விரலை நீட்டினார். எண் 88. அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குப் போனார். பிழைத்து வந்து இன்று பால் கொட்டகையில் வேலை செய்கிறார்.

எல்லாரும் பிழைக்கவில்லை. இரண்டு பேரை இழந்தோம். அவர்களில் ஒருவர் காய்ச்சலை ஐந்து நாள் மறைத்துக்கொண்டு மரம் வெட்டியவர். அவர் மறைத்ததற்குக் காரணம் அறியாமை என்று சிலர் பேசினார்கள். அதை நான் ஒப்பமாட்டேன். நான்தான் அவருடைய செக்ரோலை எழுதியவன். அந்த மாதம் மழையால் எத்தனை நாள் வெட்டில்லை, அவர் கைக்கு எவ்வளவு வரும் என்று எனக்குத் தெரியும். மறைக்காமல் இருக்க அவருக்கு வசதியில்லை.

ஆகவே நோய் விடுப்பைப் பற்றி இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது உங்களில் பலருக்கும் தெரியவில்லை. தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் என்றால் 18 நாள், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு. ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டுமானால் 60 நாள் வரை. முன்பெல்லாம் இந்த 60க்குள்ளேயே மற்றதையும் சேர்த்துக் கழிப்பார்கள். திருத்தப்பட்ட சட்டம் 2023 ஜனவரி 1 முதல் அந்த 60 நாளைத் தனியாக்கிவிட்டது. டாக்டர் செலவு முதலாளியுடையது. கம்பெனி நியமித்த டாக்டர் நியாயமான தூரத்திலோ நேரத்திலோ கிடைக்காவிட்டால் வேறு டாக்டரிடம் போகலாம். அந்தச் சீட்டும் செல்லும். ஆனால் 48 மணி நேரத்துக்குள் ஆபீசுக்குத் தெரிவித்துவிட வேண்டும். தெரிவிக்காவிட்டால் சீட்டு இருந்தும் வேலைக்கு வராதவர் கணக்கில் சேர்ந்துவிடுவீர்கள். ஆளனுப்புங்கள், போன் செய்யுங்கள், மண்டோரிடம் சொல்லுங்கள். அந்த அழைப்பை நான் எழுதி வைத்துக்கொள்வேன். என் இடத்தில் எந்தக் கிராணி இருந்தாலும் எழுத வேண்டும்.

கொங்சியில் இருந்த வங்காளதேசத் தோழர்களின் பயம் இன்னும் ஒரு படி மேல். 2020 மே மாதம் கோலாலம்பூரில் குடிநுழைவுத் துறையார் திடீர்ச் சோதனை செய்து பத்திரமில்லாத தொழிலாளர்களைப் பிடித்துப் போனார்கள். அந்தச் செய்தி ஒரே இரவில் நாடு முழுவதும் உள்ள கொங்சிகளுக்குப் போய்விட்டது. பத்திரம் ஒழுங்காக உள்ளவன்கூடக் காய்ச்சல் என்று சொல்லப் பயந்தான். நோய்க்குப் பாஸ்போர்ட் தெரியாது. அவன் இருமினால் நம் பிள்ளைக்கும் வரும். இதைச் சொன்னபோது நம்மில் சிலருக்கே பிடிக்கவில்லை. "அவங்களுக்கு எதுக்கு நம்ம சங்கத்துக் காசு?" என்று கேட்டார்கள். இரண்டு கருவியில் ஒன்று கொங்சிக்குத்தான் போயிற்று. அந்த முடிவுக்காக நான் வருத்தப்படவில்லை.

தடுப்பூசி விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2021 பிப்ரவரி 24ஆம் தேதி நாட்டில் ஊசி போடத் தொடங்கினார்கள். கைப்பேசியில் மைசெஜாத்ராவில் பதிய வேண்டும் என்றார்கள். கைப்பேசி இல்லாதவர்களையும், இருந்தும் அதில் பாட்டு மட்டுமே கேட்கத் தெரிந்தவர்களையும் ஆபீஸ் வராந்தாவில் உட்கார வைத்துப் பதிந்து கொடுத்தோம். ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது என்றார் ஒருவர். அவருக்கு வயது 64. அக்டோபர் 10ஆம் தேதிக்குள் நாட்டின் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 90 பேர் முழுமையாகப் போட்டுக்கொண்டார்கள். மறுநாள் மாநில எல்லையைத் திறந்துவிட்டார்கள். எப்படி முடிந்தது? பல ஆண்டுகளாகக் குழந்தைகளுக்கு ஊசி போட்டுப் பழகிய கிளினிக்குகளும் தாதியரும் இருந்ததால் முடிந்தது. அந்தப் பழைய கட்டுக்கோப்பு தாங்கிற்று. இருந்தும் இந்த நாட்டில் ஏறக்குறைய 37,000 பேரை அந்த நோய் கொண்டு போயிற்று.

நாம் என்ன கேட்கப் போகிறோம் என்பதற்கு வருகிறேன். கம்பெனியிடம் பேசினால், பட்டணத்துக் கிளினிக்கோடு ஒப்பந்தம் இருக்கிறதே என்பார்கள். அந்தக் கிளினிக் நல்ல கிளினிக்தான். ஆனால் நாம் போனால்தான் அது பார்க்கும். நாம் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று தேடாது. பாட்டி இரண்டு மாதம் மருந்து வாங்க வரவில்லையே என்று கேட்க யார் இருந்தார்கள்?

பழைய ஆஸ்பத்திரியைத் திரும்பக் கொடு என்று நான் கேட்கச் சொல்லவில்லை. முதலில் ஒரு குறையை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அது இங்கேதான் வருகிறது. கம்பெனிச் சம்பளம் வாங்கும் வைத்தியர் மறுபடியும் நமக்கு வேண்டாம். கிளினிக் டேசாவின் தாதி, அரசாங்கச் சம்பளம் வாங்குபவர், மாதத்தில் குறித்த இரண்டு நாள் தோட்டத்துக் கேட்டுக்குள் வர வேண்டும். அதற்குக் கம்பெனி ஓர் அறையும் தண்ணீரும் விளக்கும் கொடுத்தால் போதும். உர மூட்டையை வேறெங்காவது அடுக்கிக்கொள்ளலாம். மற்ற நாள்களுக்கு நம் ஆட்களில் இருவர், ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும், இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கப் பயிற்சி பெற வேண்டும். அவர்கள் அதற்காகச் செலவிடும் நேரத்துக்குக் கம்பெனி நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். இதைச் சும்மா செய்யச் சொன்னால் ஆறு மாதத்தில் நின்றுவிடும், நான் பார்த்துவிட்டேன். நோய் நாளில் போலீசுக்குக் காட்டும் கடிதம் முன்கூட்டியே அடித்து ஆபீஸ் மேசையில் இருக்க வேண்டும்.

2023 ஜூன் மாதம் நாடாளுமன்றம் சுகாதார வெள்ளை அறிக்கையை ஏற்றுக்கொண்டது. அடிப்படைச் சுகாதாரத்தைப் பலப்படுத்துவோம், சமூகத்தோடு சேர்ந்து செய்வோம் என்று அதில் இருக்கிறது. தோட்டமும் சமூகம்தான் என்று நாம் எழுதிக் கேட்காவிட்டால், மறுபடியும் தாதி கேட்டுக்கு வெளியேதான் நிற்பார். நாற்பது வயதைத் தாண்டிய வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக உடம்பைப் பரிசோதிக்கும் பெக்கா பி40 திட்டம் 2019இலிருந்து இருக்கிறது. இங்கே எத்தனை பேர் போனீர்கள்? கையைத் தூக்குங்கள். மூன்று... நான்கு. பாருங்கள்.

தீர்மானத்தைச் செயலாளர் அவர்கள் வாசிப்பார்கள். ஒரு தகரார் இருக்கிறது: "தாதி வருவதற்கு அனுமதிக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறார்கள். அனுமதி என்ற சொல்லை எடுத்துவிட்டு "ஏற்பாடு செய்ய வேண்டும்" என்று திருத்தும்படி நான் முன்மொழிகிறேன். யாரேனும் வழிமொழிய வேண்டும்.

பழைய நோட்டில் இருந்த 31 பேரில் சிலர் வேலை விட்டுப் போய்விட்டார்கள், சிலர் காலமாகிவிட்டார்கள். புதிய நோட்டு ஒன்று தேநீர் மேசைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நோயும் மருந்தும் தவணைத் தேதியும் உள்ளவர்கள் போவதற்கு முன் எழுதிவிட்டுப் போங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு என் மகள் எழுதிக் கொடுப்பாள். முதல் பெயரை எழுதியாகிவிட்டது. பாட்டி கூட்டம் ஆரம்பிப்பதற்கு முன்பே கோலை ஊன்றிக்கொண்டு வந்து எழுதச் சொன்னார். இரண்டாம் எண் காலியாக இருக்கிறது.